வன்முறை விளையாட்டு: கைப்பேசியில் இருப்பது யாருடைய வயது?

கேமரன் மலை – 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இல்லிருப்புக் கற்றலுக்காகப் பிள்ளைகளின் கைக்குக் கைப்பேசி வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் தேயிலைத் தோட்ட வீடுகளில், பிள்ளை என்ன விளையாடுகிறது என்று பார்க்க ஆளிருப்பதில்லை.

சுட்டுக் கொல்லும் விளையாட்டுகள் பிள்ளைகளை எட்டுவதற்கு யார் பொறுப்பு?

தயாரிப்பாளர்கள் வயது வரம்பைக் குறிப்பிடுகிறார்கள். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டுக்கு அமெரிக்காவில் 17 வயது, ஐரோப்பாவில் 18. ஆனால், பிள்ளை விளையாடுவது அப்பாவின் கைப்பேசியில் என்றால், கணக்கில் இருப்பதும் அப்பாவின் வயதுதான். 10 வயதுப் பிள்ளை பதிவிறக்கினாலும் தடை வராது.

அரசாங்கத்துக்கும் பங்குண்டு. 2026 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், உரிமம் பெற்ற தளங்கள் சிறார்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் கைமாறும் கைப்பேசியைச் சட்டம் கண்காணிக்க முடியாது.

இத்தகைய விளையாட்டுகளே கொடுங்குற்றங்களுக்குக் காரணம் எனச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் கூறியது. எனினும், கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு இருப்பதாகவும் அது குறிப்பிட்டது.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிளே ஸ்டோர் அமைப்புகளில் ‘குடும்பம்’ பகுதிக்குச் சென்று, பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்கி, இரகசிய எண் வைத்து, வயது வரம்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே பதிவிறக்கிய விளையாட்டுகளை அது அழிக்காது. அவற்றைப் பெற்றோரே பிள்ளையுடன் உட்கார்ந்து, காரணம் சொல்லி நீக்க வேண்டும்.