மாற்றிய எஞ்சினுக்கு எந்தப் பிளக்?



1985ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகா நம் சிலாங்கூரில், ஷா ஆலமில் பிறந்த கார். பழைய சாகாவை வாங்கி, எஞ்சினின் வலுவைக் கூட்டிப் பார்ப்பதில் கோலசிலாங்கூர்த் தோட்டத்து இளைஞர் சிலருக்குத் தனி ஆசை. சிலிண்டர் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். டர்போ பொருத்துவோரும் உண்டு. இதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சேமிப்பை இதில் போட்டவர், சில வெள்ளி விலையுள்ள பிளக்கில் ஏமாந்துவிடக் கூடாது அல்லவா?

பிளக்கில் ‘சூடு’, ‘குளிர்’ என்று இரு வகை சொல்வார்கள். சூடான பிளக் என்றால் பொறி பலமாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நுனியில் ஏறும் வெப்பம் பீங்கான் வழியாக இறங்கி, இரும்பு உடலைச் சேர வேண்டும். குழாயடிக்கு அடுத்த லயத்துக்காரர் குடத்தைச் சீக்கிரம் வீடு சேர்ப்பார். கடைசி லயத்துக்காரருக்கு நேரமாகும். பீங்கான் மூக்கு குட்டையானால் வெப்பம் விரைவில் இறங்கும். அதுவே குளிர் பிளக். மூக்கு நீண்டால் சூடு பிளக்.

நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியஸ் சூட்டுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி எரிந்து போகும். 850 பாகையைத் தாண்டினாலோ, பொறி வருமுன்பே பெட்ரோல் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான். அழுத்தம் கூடிய எஞ்சினில் வெப்பமும் கூடுவதால், முன்னிருந்ததைவிட ஒரு படி குளிர்ந்த பிளக் தேவைப்படலாம்.

சாகாவுக்குப் பழக்கமான என்.ஜி.கே. பிளக் பி.பி.ஆர்.6இ.எஸ். நடுவிலுள்ள 6 தான் வெப்ப எண். 7 என்றால் ஒரு படி குளிர்ச்சி. போஷ் பிளக்கில் கணக்கு தலைகீழ். எண் ஏறினால் சூடு. கடைக்காரரிடம் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். (அந்த ‘ஆர்’ எழுத்து, வானொலியில் இரைச்சல் வராமல் காக்கும் மின்தடையைக் குறிப்பது. அதில் எங்களுக்கும் அக்கறை உண்டு!) மரை நீளமும் பழையதைப் போலவே 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

பந்தயக்காரர் போடுகிறார் என்று 9ஆம் எண்ணை வாங்கினால், தோட்டத்துச் செம்மண் சாலையில் ஊர்ந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவரும் காரில் அது கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். காலையில் வண்டி கிளம்பாது.

தஞ்சோங் காராங் நேர்ச்சாலையில் சிறிது தூரம் சீராக ஓட்டி, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறமென்றால் சரி. உலர்ந்த கறுப்பென்றால் பிளக் மிகக் குளிர்ச்சி, அல்லது பெட்ரோல் அதிகம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வண்டியை மேலும் ஓட்டாதீர்கள். பெட்ரோல் குறைந்தாலும் இதே வெளுப்பு வரும் என்பதால், கார்புரேட்டரையும் பார்த்த பிறகே பிளக்கை மாற்றுங்கள்.