அம்மா இன்று தேநீர் போட்டாரா?

ஜப்பானிய வீடுகள் பலவற்றில் மின்சார வெந்நீர்ப் பாத்திரம் ஒன்று இருக்கும். காலையில் தண்ணீரை ஊற்றிவிட்டால் சூடு ஆறாது. பொத்தானை அழுத்தித் தேநீருக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டே இருக்கலாம். 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் ஒரு மூதாட்டியும் நோயாளியான அவர் மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியவே வெகுநாளாயிற்று. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகவே ஸோஜிருஷி நிறுவனம் 2001-ல் புதுவகைப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. எப்போது வெந்நீர் பிடிக்கப்பட்டது என்பதை அதிலுள்ள கம்பியில்லாக் கருவி அனுப்பிவைக்கும். வேறு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு முறை மின்னஞ்சல் போகும்.

முதியோருக்கான அறிவார்ந்த வீடு என்றதும் எனக்கு இந்தப் பாத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. அதைப் பயன்படுத்தும் தாய் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. விழுந்தால் உதவி கேட்பதற்காகக் கழுத்தில் மாட்டும் அழைப்புப் பொத்தான் அப்படியல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர், அழைப்புக் கருவி இருந்தும் அதை அழுத்தவில்லை என்று தெரிந்தது. ஆபத்து நேரத்தில் மட்டும் தேவைப்படும் பொருளுக்குக் கை பழகியிருப்பதில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆள் நடமாட்டத்தை மட்டும் உணரும் அகச்சிவப்பு உணரிகளை நடைவழியின் கூரையில் வரிசையாகப் பொருத்தினார்கள். ஒன்றிலிருந்து அடுத்ததைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு நடைவேகத்தைக் கணக்கிடலாம். மருத்துவர் முன்னால் எல்லோருமே கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்போம். உண்மையான நடை வீட்டில்தான் இருக்கிறது. தனியே வாழ்ந்த 93 முதியவர்களைப் பல மாதங்கள் கவனித்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நினைவாற்றல் லேசாகத் தளர்ந்தவர்களிடம் நடைவேகம் குறைவதும், நாளுக்கு நாள் அது ஏறி இறங்கும் விதம் மாறுவதும் தென்பட்டன. மூளையின் தளர்ச்சி காலில் தெரிகிறது!

இதற்கெல்லாம் முன்னால், வீட்டில் வெளிச்சம் போதுமானதாக இருக்க வேண்டும். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகிறது, கண்ணின் பாவை சுருங்குகிறது. விழித்திரைக்குப் போகும் ஒளி வெகுவாகக் குறைகிறது. இரவில் கழிப்பறைக்கு எழும்போது, கால் தரையைத் தொட்டதுமே சுவரடியில் மெல்லிய விளக்கு தானே எரிந்தால் எத்தனையோ இடுப்பெலும்பு முறிவுகளைத் தடுக்கலாம்.

படுக்கையறையில் கேமரா வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கவலை பிள்ளைகளுடையதாக இருக்கலாம், வீடு பெற்றோருடையது. எந்தத் தகவல் யாருக்குப் போகலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் இன்னொரு பொத்தானும் இருந்தது, வெளியே கிளம்பும்போது அழுத்துவதற்கு. அம்மா வெளியே போயிருக்கிறார் என்று மகளுக்குச் சேதி போகும். சொல்வதா வேண்டாமா என்பது அம்மாவின் விருப்பம்.