மருந்துப் பெட்டியும் வீணையும்



ஐயம்பேட்டையில் மருத்துவ முகாம் முடிந்து, ஜெபத்திற்கு முன் ஒரு கீர்த்தனை பாடினோம். முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்த முதிய நெசவாளர் ஒருவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். "வைத்தியம் பார்க்கிறவங்களுக்குப் பாட்டும் வருமா ஐயா?" என்றார். அவருக்கு அன்று நாங்கள் சொன்னது தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கதை. அதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் குருவாகக் கொண்டு சித்த மருத்துவம் கற்றார். பின்பு மனைவியுடன் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். அவருடைய சஞ்சீவி மருந்துகள் நல்ல பெயரும் நல்ல வருமானமும் தந்தன. குருவின் பெயரையே தம் தோட்டத்திற்கும், பின்னர் தம் நூலுக்கும் சூட்டினார். கிறிஸ்தவர் ஒருவர் மலைச் சித்தரை இப்படி நன்றியோடு நினைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்த வருமானம் எங்கே போயிற்று? பெரும்பங்கு இசைக்குப் போயிற்று. அக்காலத்தில் சங்கீதம் கற்கும் பிள்ளைகளுக்குப் பாடங்கள் பெரும்பாலும் தெலுங்கில்தான் இருந்தன. பொருள் தெரியாமலே பாடினார்கள். பண்டிதர் தமிழிலேயே கீதங்களும் கீர்த்தனைகளும் இயற்றி, சுரக் குறிப்புடன் 1907-இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என வெளியிட்டார். கடவுளைத் துதிக்கும் அந்தப் பாடல்களே மாணவருக்குப் பாடமும் ஆயின. 1912-இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1914-க்குள் ஆறு மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்கள் தங்களுக்குள் காத்துவந்ததைச் சபையில் வைத்துப் பேசச் செய்வது எளிதா என்ன!

அவரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை? 22 என்பது சாரங்கதேவர் முதலானோர் சொன்னது. சிலப்பதிகாரத்தையும் கணக்கையும் கொண்டு 24 என்று வாதாடினார் பண்டிதர். பாவில் ஓர் இழை தவறினாலும் சேலை காட்டிக்கொடுத்துவிடும் என்று அறிந்த ஐயம்பேட்டைப் பெரியவர் இந்த இடத்தில் தலையசைத்தார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில், தம் குடும்பப் பெண்களைக் கொண்டு வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் அறிஞர்கள் அதில் ஒருமனப்படவில்லை. ஆனால் பழந்தமிழ்ப் பண்களைத் தேடிப் போகிறவர் எவரும் அவரைக் கடந்து போக முடியாது.

1917-இல் 'கருணாமிர்த சாகரம்' அச்சாகி வந்தது. ஆயிரம் பக்கத்திற்கு மேற்பட்ட அந்நூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். அடுத்த பாகத்திற்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே, 1919 ஆகஸ்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் கைப்பிரதிகள் வீணாகவில்லை. மகள் மரகதவல்லி அம்மாள் அவற்றை ஒழுங்குசெய்து, 1946-இல் இரண்டாம் பாகமாக வெளியிட்டார்.