பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்குமுன்

விரல் வலுவில்லாத பிள்ளை வீடியோ கேமில் தோற்றுக்கொண்டே இருந்தால், குறை பெரும்பாலும் கேமை அமைத்த விதத்தில்தான். ஓடுவதற்குப் பொத்தானை விடாமல் அழுத்த வேண்டுமா, ஒருமுறை தட்டினால் போதுமா? இந்த ஒன்றே பிள்ளையை ஆட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடும்.

2018இல் வந்த 'செலஸ்ட்' ஆட்டத்தில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில்' இரண்டு பெரிய பொத்தான்கள், பின்புறம் 19 துளைகள். கால் மிதியோ தனிப் பொத்தானோ, பிள்ளையின் எந்த உறுப்பு நன்றாக அசைகிறதோ அதற்கேற்றதைச் செருகிக்கொள்ளலாம். 2020இன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'வைப் பார்வையற்றோர் ஒலியை வைத்தே ஆடி முடித்தார்கள். (வன்முறை மிகுந்தது, பிள்ளைகளுக்கு வேண்டாம்.)

பணம் கட்டுமுன் இரண்டைக் கேளுங்கள்: பொத்தான்களை மாற்றியமைக்க முடியுமா? சிவப்பு, பச்சை பிரித்தறியாத கண்ணுக்கு வேறு அடையாளம் உண்டா?