எவர்சில்வர் மண்டையோடு

கரோல்பாகில் முப்பது வருஷத்துக்கு மேல் பாத்திர வியாபாரம் செய்தவன் நான். ஓவியம், சிற்பம் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். சுபோத் குப்தா என்ற கலைஞர் கையில் எடுத்த சரக்கு நான் விற்ற சரக்கு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

குப்தா 1964-ல் பீகாரில் பாட்னாவை அடுத்த ககௌலில் பிறந்தவர். பாட்னா கலைக் கல்லூரியில் படித்துவிட்டு தில்லிப் பக்கம் வந்து சேர்ந்தார். எவர்சில்வர் சமையல் பாத்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து 2006-ல் ஒரு பிரம்மாண்டமான மண்டையோடு செய்தார். 'மிகவும் பசித்த கடவுள்' என்பது அதன் பெயர். அந்த வருஷம் பாரிஸில் ஏழைகளுக்கு ஊற்றும் சூப்பில் சிலர் வேண்டுமென்றே பன்றிக்கறி சேர்த்தார்கள், முஸ்லிம்கள் வாங்கக் கூடாது என்பதற்காக. அந்தச் செய்தியிலிருந்து பிறந்தது இந்தச் சிற்பம். முதலில் பாரிஸில் ஒரு மாதாகோயிலில் வைத்தார்கள், மறுவருஷம் வெனிஸில் கால்வாய் ஓரம். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சோறு போடும் பாத்திரமே பல்லை இளித்துக்கொண்டு, "இன்னும் கொண்டா" என்பது போல இருக்கிறது.

2007-ல் லண்டனில் டேமியன் ஹர்ஸ்ட் என்பவர் பிளாட்டினத்தில் மண்டையோடு வார்த்து 8,601 வைரங்களைப் பதித்தார். உலகமெல்லாம் பேசியது அதைத்தான். எனக்கென்னவோ வைரத்தைவிட எவர்சில்வர்தான் சரியான சரக்கு என்று படுகிறது. காரணம் சொல்கிறேன். இந்த உருக்கில் கலந்த குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மேல்தோல் ஒன்றை உண்டாக்கும். கீறல் விழுந்தாலும் அந்தத் தோல் தானே மூடிக்கொள்ளும், அதனால் துருப் பிடிப்பதில்லை. சாவைக் காட்ட சாகாத உலோகம்! ஐரோப்பாவில் பழைய ஓவியர்கள் மண்டையோட்டின் பக்கத்தில் வாடிய பூவையும் அணையப்போகும் மெழுகுவத்தியையும் வைப்பார்கள். இவர் வாடாத ஒன்றை எடுத்தார். நம் வீட்டில் பாட்டி போய்விடுவாள், பாட்டியின் குண்டான் போகாது.

கடைக்கு எடைக்குப் போட வரும் பழைய பாத்திரங்களில் பேர் வெட்டியிருக்கும். கல்யாணத் தேதி, "அன்பளிப்பு" என்று. முக்கால்வாசிப் பேர் இறந்துபோனவர்கள். ஆரம்பத்தில் படித்துப் பார்ப்பேன். பிற்பாடு தராசில் போடுவதோடு சரி.

எங்கள் சமண மரபில் சாவும் சோறும் வேறு மாதிரி சந்திக்கின்றன. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய அந்த இடத்தில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டதைச் சொல்லும் பழங்கல்வெட்டு உண்டு. நிசீதிகை என்பார்கள். சமந்தபத்திரர் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறார். தீராத நோய், தள்ளாத முதுமை, பஞ்சம், விலக்க முடியாத இடர் இவை வந்தால் மட்டும்தான். முதலில் அன்னத்தை விட வேண்டும், பிறகு பாலை, பிறகு நீரை. ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் இதைத் தற்கொலை என்றது. அந்த மாதமே உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

குப்தாவின் மண்டையோட்டுக்குப் பசி அடங்கவே அடங்காது. சந்திரநந்தியோ பசியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போனவர். இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

2009-ல் என் அம்மாவை வந்தவாசிப் பக்கமிருந்து இங்கே கொண்டுவந்தேன். வயசு 84. ஒரு நாள் கஞ்சி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போதும்ப்பா, விடு" என்றாள். நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வைத்தேன். பதினோரு நாள். குழாயைப் பிடுங்காமல் இருக்க அவள் கையைத் துணியால் கட்டினார்கள். அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். இத்தனை நூல் படித்தும் அந்த நேரத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

2012-ல் சாகேத்தில் குப்தாவின் 'லைன் ஆஃப் கண்ட்ரோல்' என்ற படைப்பைப் பார்த்தேன். 26 டன் எடை. பாத்திரங்களாலேயே ஆன அணுகுண்டுப் புகைமண்டலம். ஜனங்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் வியாபாரி புத்தியில் என்ன ரகம், என்ன விலை என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கணக்கு விட்டுப்போயிற்று. எங்கேயாவது பேர் வெட்டியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். எட்டின மட்டும் ஒரு பேரும் இல்லை.

2014-ல் இந்தியா கேட் பக்கம் தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே புல்வெளியில் எவர்சில்வர் ஆலமரம் ஒன்று நிற்கிறது. 'தாதா' என்று பெயர், இந்தியில் தாத்தா. கிளைகளில் இலைக்குப் பதில் பாத்திரங்கள். தில்லி அன்பர்கள் போய்ப் பார்க்க வேண்டும். வெயில் சாயும் நேரமாகப் போங்கள், மத்தியானத்தில் கண் கூசும்.

அம்மாவின் டம்ளர் வீட்டில் இருக்கிறது. 1962 என்று வெட்டியிருக்கிறது. அதில் யாரும் குடிப்பதில்லை. கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறோம்.