கிறிஸ்லஸ்பாம்: ஒரு ஜெர்மானியப் பெயரின் வழித்தடம்

கொட்டகலைத் தோட்டங்களுள் ஒன்று கிறிஸ்லஸ்பாம். 'பாம்' என்பது பண்ணை; அதில் ஐயமில்லை. கிறிஸ்லர் யார்? மோட்டார்க் கம்பனிக்காரரோ என்று மாணவர் கேட்பதுண்டு. அந்தக் கம்பனி தோன்றியது 1925இல். தோட்டம் அதற்கு மூத்தது.

ஆங்கிலத்தில் இத்தோட்டப் பெயரை எழுதும்போது நடுவே ஒலிக்காத 'ட்' ஒன்று வரும். நமக்குத் துப்புத் தருவது அதுவே. பழைய போர்வீரருக்கென 1847இல் பிரித்தானிய அரசு ஏற்படுத்திய பதக்கத்தில், ஒரு போரின் பெயராக இதே சொல் இதே 'ட்'டுடன் பொறிக்கப்பட்டது. 1813 நவம்பர் 11ஆம் திகதி கனடாவின் சென்ற் லோறன்ஸ் நதிக்கரையில், ஜோன் கிறைஸ்லர் என்பவரின் பண்ணையில், தன்னிலும் இருமடங்குக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையைப் பிரித்தானியப் படை முறியடித்த போர் அது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இராணுவ அதிகாரிகள் பலர் நம் மலைகளில் கோப்பிக் காணி வாங்கியதையும் எண்ணினால், பெயர் வந்த வழி இதுவெனக் கொள்வதே பொருந்தும்.

கிறைஸ்லரின் முன்னோர் ஜெர்மானியர். 1709இல் போருக்கும் கொடும்பனிக்கும் ஆற்றாது றைன் நதிப் பகுதியினின்றும் ஆயிரக்கணக்கான ஏழை உழவர் லண்டனுக்குப் பெயர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3,000 பேர் மறு ஆண்டு நியூயோர்க்குக்குக் கப்பலேற்றப்பட்டனர். கப்பற்படைக்குத் தார் காய்ச்சிக் கொடுத்துப் பயணச் செலவைக் கழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் பாட்டன்மாரின் கங்காணிக் கடன் நினைவுக்கு வருகிறதல்லவா? அவ்வாறு குடியேறிய ஜெர்மானியரின் பெயர்களை ஆங்கில எழுதுவினைஞர் தம் காதில் விழுந்தபடி பதிந்தனர். எழுத்தைக் கண்டு, 'பொன்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு இப்பெயரை இணைப்பது வீண். ஜெர்மன் மொழியில் 'கிறைசல்' என்றால் பம்பரம். பம்பரம் கடைபவன் என்பது ஒரு விளக்கம். சுருட்டைமுடிக்காரன் என்பது இன்னொன்று. பழைய ஜெர்மனில் சுருளுக்கும் பம்பரத்துக்கும் சொல் ஒன்றாக இருந்தமையால் இரண்டையுமே தள்ள முடியாது. எனக்குப் பம்பரமே பிடித்திருக்கிறது.

மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியர் விதி. நம் தொழிலாளர் இலக்கணம் கேட்டா பேசினார்கள்? ஆயினும் முதல் மெய்யோடு ஓர் இகரத்தைச் சேர்த்துக் 'கிறி' என்றாக்கினர். ஒலிக்காத 'ட்'டைக் கைவிட்டனர்.

எழுத்து மாறியதால் கிறைஸ்லருக்குப் பண்ணை பறிபோகவில்லை. நம்மவர் கதை வேறு. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், தாம் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவில் முத்துசாமியாகவும் செக்ரோலில் முத்தனாகவும் இருந்தவர், இருவரும் ஒருவரே என்று நிறுவுவது எப்படி?

மூலப் பண்ணை இன்று நிலத்தில் இல்லை. சென்ற் லோறன்ஸ் கப்பல் வழிக்காக 1958இல் எழுப்பிய அணைநீரில் அது மூழ்கிவிட்டது. கொட்டகலைத் தபாற்காரருக்கோ கிறிஸ்லஸ்பாம் இன்றும் ஒரு முகவரி.