பெரிய படகைப் பிணைத்து நிறுத்தும் சாதனங்கள்

மும்பையில் வாழும் தமிழன்பர்கள், இந்தியாவின் நுழைவாயிலருகே மாலையில் உலாவும்போது, கரையிலிருந்து சற்று எட்டிப் படகுகள் அசைந்தாடி நிற்பதைக் கண்டிருப்பார்கள். கண்ணுக்குப் புலப்படுவன ஒரு மிதவையும் கயிறும் மாத்திரமே. ஆயின் கடலடியில் கிடக்கும் கனமான கட்டி அல்லது நங்கூரம், அதிலிருந்து எழும் சங்கிலி, சங்கிலி முறுக்கிக் கொள்ளாதபடி காக்கும் சுழலி, மிதவை, கயிறு, படகின் தளத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டும் கிளீட் ஆகிய யாவும் சேர்ந்தே படகை நிறுத்துகின்றன. இவற்றுள் எது மிக நலிந்ததோ, அதன் வலிமையே முழுப் பிணைப்பின் வலிமையாகும்.

பிணைப்பு தளர்ந்தால் விளைவது யாது? 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் டவ்-தே புயல் வீசியபோது, மும்பைக்கு அப்பால் எண்ணெய் வயலருகே நின்றிருந்த பி-305 என்னும் பார்ஜ், நங்கூரப் பிடிப்பை இழந்து மிதந்து சென்று மூழ்கியது. அதிலிருந்தோரில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காற்றின் வேகம் இருமடங்கானால், படகின்மீது அதன் விசை நான்கு மடங்காகும். ஆகையால் சாதனங்களைத் தேர்ந்தெடுக்கையில் படகின் நீளத்தோடு எடையையும், காற்றை எதிர்கொள்ளும் பரப்பையும் கருத வேண்டும். அலையின் அதிர்ச்சியை நீண்டு கொடுத்துத் தாங்கும் நைலான் கயிறு ஏற்றது. கிளீட்டின் நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு இருத்தல் நலம். 20 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 320 மில்லிமீட்டர். மும்பைத் துறைமுகத்தில் கடல்நீர் 4 மீட்டர் வரை ஏறி இறங்குவதுண்டு. சங்கிலியின் நீளம் அதற்கும் இடம் தர வேண்டும்.

பொருத்தும் முறை இன்னும் முக்கியமானது. கிளீட்டைத் திருகாணிகளால் தளத்தின் மேற்புறத்தில் மட்டும் பதித்தால், பலத்த இழுப்பில் அது பிய்ந்துவிடும். தளத்தை ஊடுருவும் போல்ட்டுகளால் பொருத்தி, அடியில் அகன்ற உலோகத் தகட்டை வைத்து முடுக்க வேண்டும். அப்பொழுது இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பரவும். துளைகளில் நீர் புகாதவாறு அடைத்தல் வேண்டும். இன்றேல் உள்மரம் மக்கிப்போகும். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால், அவற்றுள் ஒன்று விரைவில் அரிக்கப்படும். சங்கிலியை இணைக்கும் ஷாக்கிளின் ஆணி ஓயாத ஆட்டத்தில் கழன்றுவிடக்கூடும். ஆதலால் அதனைக் கம்பியால் கட்டிப் பூட்டுவது வழக்கம்.

கடற்படுகையில் புரண்டெழும் சங்கிலிப் பகுதியும், படகின் விளிம்பில் உராயும் கயிற்றுப் பகுதியும் முதலில் தேய்வன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் இவ்விரண்டையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றிவிடுவது படகு உடையோர் கடமையாகும்.